அல்லைப்பிட்டியிற் கிடைத்த கலங்கள்

பழைய தேநீர்க் கெண்டிகளையும் பீங்கான் தட்டங்களையும் கிண்ணங்களையும் தேடிச் சேர்த்து, உணவு மேசையை அழகுற அமைத்தல் பலர் விரும்பும் ஒரு கலையாக வளர்ந்துள்ளது. அவ்வாறு சேர்ப்போர் ஒரு கலத்தைக் கையிலெடுத்ததும் வினவுவன இரண்டு: அது ஊனமின்றி இருக்கின்றதா? அது எவ்வளவு பழையது? வரலாறு வினவுவது வேறொன்று. அக்கலம் எவ்விடத்திற் கிடைத்தது, எவர் கையினின்று எவர் கைக்கு வந்தது என்பதே அவ்வினா. இதற்கு விடையுள்ள உடைந்த ஓடு, விடையில்லாத முழுக்கலத்தினும் மதிப்புடையது. இவ்வுண்மைக்கு யாழ்ப்பாணத்துத் தீவகம் தக்க சான்று.

யாழ்ப்பாண நகருக்கு அண்மையில், பரவைக் கடலுக்கு அப்பால், வேலணைத் தீவு கிடக்கின்றது. அதன் மேற்கு முனையில் ஊர்காவற்றுறையும் கிழக்கு முனையில் அல்லைப்பிட்டியும் உள்ளன. ஊர்காவற்றுறையின் பழம்பெயர் ஊராத்துறை என்பது. இப்பெயர் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டொன்றிற் காணப்படுகின்றது. அதனைப் பொறிப்பித்தவன் 1153 முதல் 1186 வரை பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு. கல்வெட்டை ஆராய்ந்து 1963ஆம் ஆண்டில் விரிவாக வெளியிட்டவர் வரலாற்றறிஞர் கா. இந்திரபாலா.

கல்வெட்டின் பொருள் துறைமுகச் சட்டமாகும். பரதேசிகள் ஊராத்துறைக்கு வந்து தங்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும். யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடையுமாயின், நாலிலொரு பங்கு பண்டாரத்தைச் சேரும்; எஞ்சிய மூன்று பங்கு உடையவனுக்கு உரியது. பிற வாணிகச் சரக்கு ஏற்றிய கலம் உடையுமாயின், பாதி பண்டாரத்துக்கும் பாதி உடையவனுக்கும் உரியன. படைக்கு வேண்டிய யானை குதிரைகளைக் கொணர்வோர்க்கு மன்னன் கூடிய சலுகை அளித்தமை இதனால் விளங்கும். சிங்கள மன்னன் ஒருவன் இச்சட்டத்தைத் தமிழிற் பொறிப்பித்தமை, அத்துறையில் வழங்கிய மொழி எதுவென்பதையும் உணர்த்துகின்றது.

வாணிகச் சரக்கு என்று கல்வெட்டு பொதுப்படக் கூறுகின்றதேயன்றி, அச்சரக்குகள் யாவை என்று விரித்துரைக்கவில்லை. அக்குறையை ஓரளவு நிறைவு செய்தது அல்லைப்பிட்டி மண். 1977ஆம் ஆண்டில் ஜோன் கார்ஸ்வெல் என்னும் மட்கல ஆராய்ச்சியாளர் அங்கு அகழ்ந்தாராய்ந்தபோது, சீன நாட்டு மட்கலங்கள் வெளிப்பட்டன. அவை சுங் வமிசத்தார் சீனத்தை ஆண்ட காலத்தவை. 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கும் உரியவை. அவற்றுட் பல தென்சீனத்துக் குவாங்டுங் மாகாணச் சூளைகளிற் சுடப்பட்டவை. 2018ஆம் ஆண்டில் இலங்கையின் மத்திய கலாசார நிதியமும் சீனத்து ஷாங்ஹாய் அருங்காட்சியகமும் இணைந்து அங்கு மீண்டும் அகழ்ந்தன. அப்போதும் அதே காலத்துச் சீன ஓடுகள் நூற்றுக்கணக்கிற் கிடைத்தன.

இவ்விரு சான்றுகளையும் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும். பராக்கிரமபாகு அரியணை ஏறியது 1153இல். அல்லைப்பிட்டிக் கலங்களோ அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முற்பட்டவை. இலங்கையிற் சோழராட்சி ஏறக்குறைய 1070இல் முடிவுற்ற காலத்தை ஒட்டியவை எனலாம். ஆகவே மன்னன் சட்டமியற்றியதனால் அங்கு வாணிகம் தோன்றியதன்று. முன்னரே செழித்திருந்த வாணிகத்துக்கே அவன் சட்டமியற்றினான். சோழர் ஆட்சி நீங்கியமையாற் கீழைக்கடல் வாணிகம் இக்கரையில் அற்றுப்போகவில்லை என்பதும் பெறப்படும். இம்முடிபைத் தருவது கலங்களின் அழகன்று. அவை கிடைத்த இடமேயாம். அவ்வோடுகளே ஏதேனும் ஒரு நகரத்துக் கடையில் விலைக்கு வந்திருப்பின், அவை சீனத்தவை என்பதற்கு மேல் ஒன்றும் உரைத்திரா.

இத்துணைத் தொலைவு மட்கலம் பயணஞ்செய்தது எவ்வாறு? தென்சீனத்தில் மலைச்சரிவை ஒட்டி நீண்டு கிடக்கும் சூளைகள் இருந்தன. நீண்ட உடல் கொண்டமையால் அவற்றை நாகச் சூளை என்று அந்நாட்டார் அழைத்தனர். ஒரே தடவையிற் பல்லாயிரம் கலங்களை அவற்றிற் சுடலாம். கலங்களை ஒன்றனுள் ஒன்றாக அடுக்கிக் கட்டினால் இடம் சுருங்கும். கடல்நீர் பட்டாலும் அவை கெடா. அடித்தட்டிற் கிடந்து கப்பலை நிலைநிறுத்தும் பாரமாகவும் அவை பயன்படும். 1219இற் சீன அரசு, அயல்நாட்டுப் பண்டங்களுக்குப் பொன்னும் வெள்ளியும் கொடாது பட்டும் மட்கலமும் கொடுக்குமாறு விதித்தது. 1225இற் சௌ ஜுகுவா என்னும் சீனச் சுங்க அதிகாரி எழுதிய நூல், இலங்கையில் விலைபோன வெளிநாட்டுச் சரக்குகளுட் பீங்கானையும் பட்டையும் குறிப்பிடுகின்றது. அதே வரிசையில் யானையும் குதிரையும் இடம்பெறுகின்றன. நயினாதீவுக் கல்வெட்டின் செய்தியோடு இது ஒத்துச் செல்லுதல் கருதத்தக்கது. பாக்கு நீரிணைக்கு அப்பால், இராமநாதபுரத்துப் பெரியபட்டினத்திலும் சீன ஓடுகள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. அவை பெரும்பாலும் 13ஆம், 14ஆம் நூற்றாண்டுகளுக்குரியவை.

தேநீர்க் கெண்டியை விரும்பித் தேடுவோர் இங்கு ஒன்றை அறிதல் நன்று. சுங் காலத்துச் சீனர் தேயிலையைப் பொடியாக்கிக் கிண்ணத்திலிட்டு, வெந்நீர் வார்த்து, நுரையெழக் கடைந்து பருகினர். இலையை ஊறவைத்து வடிக்கும் வழக்கம் மிங் வமிசத்தார் காலத்திலேயே மேலோங்கியது. 1391இல் அம்மரபின் முதற் பேரரசர் கட்டித் தேயிலையைத் திறையாகக் கொள்வதை நிறுத்தினார். அதன் பின்னரே தேயிலையை ஊறவைக்கும் கெண்டி பெருவழக்குப் பெற்றது. ஆதலால் அல்லைப்பிட்டியின் கலங்கள் தேநீர்க் கெண்டி தோன்றுதற்கு முற்பட்ட உலகினவாம்.

அக்கெண்டியை மேற்றிசைக்குக் கொண்டுசென்றோருள் ஒல்லாந்தர் முதன்மையானவர். அவர்கள் 1603இல் மலாக்காவுக்கு அப்பாற் சாந்தா கத்தரீனா என்னும் போர்த்துக்கேயக் கப்பலைக் கைப்பற்றினர். அதிலிருந்த சீனப் பீங்கான் அம்ஸ்ரடாமில் ஏலத்தில் விற்கப்பட்டது. 1644இல் மிங் ஆட்சி வீழ்ந்து சீனத்திற் போர் மூண்டபோது பீங்கான் வரத்துக் குன்றியது. அவ்வேளையில் ஒல்லாந்து நாட்டு டெல்ப்ற் நகரத்துக் குயவர், வெள்ளீயம் கலந்த வெண்பூச்சின்மேல் நீலவண்ணம் தீட்டிச் சீனக் கலத்தைப் போலச் செய்தனர். அது மெய்யான பீங்கானன்று. எனினும் ஐரோப்பாவெங்கும் புகழ்பெற்றது.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணை லைடன் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. நெடுந்தீவு டெல்ப்ற் ஆயிற்று. யாழ்ப்பாணத்திற் சமயப்பணி புரிந்து 1672இல் இலங்கையைப் பற்றிப் பெருநூல் வெளியிட்ட பால்டேயஸ் பாதிரியார் பிறந்த ஊரும் அந்த டெல்ப்ற் நகரமே. நெடுந்தீவுக்கும் நீலக் கலத்துக்கும் பெயரளவில் அன்றி வேறு உறவில்லை. ஆயினும் பீங்கானைத் தேடிக் கடல் கடந்த ஒரு நாட்டின் சுவடு அப்பெயரிற் பதிந்துள்ளது.

நம் அன்றாடப் பேச்சிலும் அவ்வாறான சுவடுகள் உண்டு. யாழ்ப்பாணத்தார் கூறும் தேத்தண்ணீர் என்னும் சொல்லின் முதற்பகுதியான தே, தென்சீனத்துக் கரையோர மொழியினின்று பிறந்து, ஒல்லாந்தர் வாணிகத்தால் உலகெங்கும் பரவிய சொல். பீங்கான் என்னும் சொல்லுக்குப் பாரசீகத்திலும் மலாயிலும் உறவுச் சொற்கள் உள. கோப்பை போர்த்துக்கேயர் வழிவந்தது.

வீட்டுக் கலங்களுள் யாழ்ப்பாணத்துக்கே சிறப்பானது மூக்குப்பேணி. உதட்டிற் படாமல் வார்த்துப் பருகுதற்கேற்ற சிறு மூக்குடைய பித்தளைப் பேணி அது. வந்த விருந்தினரை அதனால் உபசரித்தனர். இன்று அது பழம்பொருட் கடைகளிலும் கண்ணாடி அலுமாரிகளிலும் அழகுப் பொருளாக வீற்றிருக்கின்றது. ஆயின் கலங்களின் வரலாறு விருந்தோம்பலின் வரலாறு மட்டுமன்று. தேநீர்க் கடைகளிற் பிறர் பருகிய குவளை ஒடுக்கப்பட்ட மக்களுக்கு மறுக்கப்பட்டது. சிரட்டையும் ஒதுக்கிவைத்த தகரப் பேணியும் அவர்களுக்கு உரியனவாயின. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் இத்தகைய மறுப்பைக் குற்றமாக்கியது. அந்தச் சிரட்டையைச் சேர்த்து வைப்பார் எவருமிலர். ஆனால் மூக்குப்பேணியின் கதை அதனையும் சேர்த்துச் சொன்னாலன்றி நிறைவுறாது.

1990இல் தீவகத்திற் போர் மூண்டபோது மக்கள் பெருந்தொகையினராய் இடம்பெயர்ந்தனர். வீடுகள் வெறுமையாயின. தலைமுறை தலைமுறையாக வந்த கலங்கள் சிதறுண்டன. ஒரு பேணி இன்னாருடைய வீட்டது, இன்ன திருமணத்திற் சீராக வந்தது என்று சொல்லவல்ல முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவர் நினைவு அழியின், பேணி வெறும் பித்தளையாகிவிடும்.

மண்ணுக்குள் இருப்பவற்றின் நிலையும் இதுவே. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் சட்டத்தின்படி, நிலத்துட் புதைந்துள்ள தொல்பொருள் நிலவுடையவனுக்கு உரியதன்று, அரசுக்கு உரியது. உத்தரவுப் பத்திரமின்றித் தொல்பொருளை நாடு கடத்துதல் குற்றமாகும். சட்டத்துக்கு அஞ்சியன்றி, அறிவைப் பேணும் பொருட்டே இதனை மதித்தல் தகும். கிணறு வெட்டும்போதோ மணல் அள்ளும்போதோ பழைய ஓடு தென்படின், அதனைக் கழுவி வீட்டுக்குக் கொண்டு செல்லலாகாது. கிடந்த இடத்திலேயே விட்டுத் தொல்பொருளியல் திணைக்களத்துக்கு அறிவித்தல் வேண்டும்.

வீட்டிலுள்ள கலங்களுக்கோ அத்துணை முயற்சியும் வேண்டியதில்லை. எவருடையது, எவ்வூரது, எப்போது வந்தது, எதற்குப் பயன்பட்டது என்னும் நான்கு செய்திகளை முதியோரிடம் கேட்டு, ஒரு சிறு தாளில் எழுதி, கலத்தினுள் இட்டுவைத்தல் போதும். மேசையை அணிசெய்யும் கலம் அதனால் அழகு குன்றாது. வருங்காலத்தில் அதனைக் கையிலெடுப்போர் வினவும் வினாவுக்கு அத்தாள் விடை கூறும்.