வெலிகாமத்தில் பிறந்த பெயர்

கடற்பாசி என்றதும் கொழும்புவாசிகளுக்கு நோன்பு மாதத்து வெள்ளை இழைகளே நினைவுக்கு வரும். அது சிவப்புப் பாசிகளைக் காய்ச்சி எடுக்கும் கூழ். யாழ்ப்பாணப் பாசி ஒன்றை 19ஆம் நூற்றாண்டின் பிரித்தானிய மருந்து நூல்கள் 'சிலோன் மொஸ்', 'ஜப்னா மொஸ்' என்று குறித்திருக்கின்றன. இங்கு நான் சொல்ல வந்தது சந்தையில் விலைபோகாத வேறொரு சிவப்புப் பாசியின் கதை.

அயர்லாந்தின் வில்லியம் ஹென்றி ஹார்வி, டப்ளின் திரித்துவக் கல்லூரியின் உலர்தாவரச் சேகரிப்புக்குப் பொறுப்பாளர். 1853 ஓகஸ்டில் அவுஸ்திரேலியா நோக்கிப் புறப்பட்டவர் வழியில் இலங்கையில் தங்கிப் பாசிகளைத் திரட்டினார். களனி கடலில் கலக்கும் எங்கள் வத்தளைப் பக்கத்து மணற்கரையில் அவருக்குப் பெரிதாக எதுவும் அகப்பட்டிராது. இத்தகைய செடிகளுக்குப் பாறையும் தெளிந்த நீரும் வேண்டும். தெற்கே வெலிகாம விரிகுடாவில் அவை இருந்தன. அங்கே கிடைத்த ஒன்றுக்கு 1854இல் 'மார்ட்டென்சியா பிராஜிலிஸ்' என்று பெயரிட்டார். அடிப்புறம் மெல்லிய சவ்வு, மேற்புறம் பின்னல் வேலைப்பாடு போன்ற வலை, தொட்டாற் கிழியும். பெயரின் பின்பாதி சொல்வதும் அதைத்தான். அதே கட்டுரையில் 'வான்வூர்ஸ்டியா' என்ற புதிய பேரினத்தையும் அறிமுகப்படுத்தினார். வான் வூர்ஸ்ட் என்பவர் ஹார்வியின் நூல்களை வெளியிட்ட இலண்டன் பதிப்பாளர். நம்மூர்ப் பதிப்பாளர் எவருக்கும் அவரது எழுத்தாளர் இப்படி நன்றி சொன்னதாக நான் அறியேன்!

ஹார்விக்குப் பின் கொழும்பில் வாழ்ந்த வில்லியம் பெர்குசன் பாசிகளைச் சேகரித்தார். இலண்டன் அருங்காட்சியகத்தில் இருந்த இலங்கைப் பாசிகளின் பட்டியலை ஜோர்ஜ் மரே 1887இல் வெளியிட்டார். 1902-03இல் சுவீடனின் நீல்ஸ் ஸ்வெடேலியஸ் காலிப் பவளப்பாறையில் ஆய்வு செய்து, 1908இல் மார்ட்டென்சியாவின் அமைப்பையும் வளர்ச்சியையும் பற்றித் தனிநூலே எழுதினார். வந்தவர்கள் எடுத்துச் சென்ற மாதிரிகள் ஐரோப்பாவின் அலுமாரிகளில் அடங்கின. நம்மவர் கைவரிசை என்று சொல்லத்தக்கது, கொழும்பு மீன்பிடி ஆராய்ச்சி நிலையத்தின் வெளியீடாக 1961இல் வந்த துரைரத்தினத்தின் இலங்கைக் கடற்பாசி நூல். அதை இன்று எத்தனை பேர் அறிவர்?

இவர்கள் எல்லோரும் கண்ணையும் நுணுக்குக்காட்டியையும் நம்பியவர்கள். சிவப்புப் பாசிகளோ உருவத்தால் ஏமாற்றுபவை. ஒரே இனம் அலையடிக்கும் இடத்தில் ஒரு கோலமும் ஆழத்தில் வேறு கோலமும் கொள்ளும். வெவ்வேறு இனங்கள் இரட்டையர் போல் தோன்றும். ஆதலால் வெலிகாமத்துப் பெயரை இந்து, பசிபிக் சமுத்திரங்களெங்கும் தாராளமாகச் சூட்டிவிட்டார்கள்.

2005இல் கனடாவின் கேரி சோண்டர்ஸ், இழைமணி மரபணு ஒன்றின் சிறுதுண்டைக் கொண்டே சிவப்புப் பாசிகளைப் பிரித்தறியலாம் என்று காட்டினார். பச்சையவுருமணியில் உள்ள 'ஆர்பிசிஎல்' என்னும் மரபணுவும் இதற்குப் பயன்படுகிறது. எழுத்துகளை வரிவரியாக ஒப்பிட்டுப் பிழை பார்ப்பதைப் போன்ற வேலை இது. அச்சுக்கூடத்தில் மெய்ப்புப் பார்த்தவர்களுக்கு எளிதில் விளங்கும். மார்ட்டென்சியாவில் 2004இல் தாய்வானின் கெண்டிங் கரையிலிருந்து இரண்டு புதிய இனங்கள் விவரிக்கப்பட்டன. 2020இல் ஹவாய்த் தீவுகளிலிருந்து மேலும் நான்கு.

இங்கேதான் சிக்கல். தாவரப் பெயரிடல் விதிப்படி ஒரு பெயர் அதன் மூல மாதிரியோடு பிணைக்கப்பட்டது. பழைய ஓரினம் பலவாகப் பிரியும்போது ஹார்வியின் பெயர் எதற்கு உரியது என்பதை வெலிகாமத்துச் செடிதான் தீர்மானிக்க வேண்டும். மற்றவை புதுப்பெயர் தேட வேண்டியவை. நல்லவேளையாக, பழைய மாதிரிகளும் பேசக்கூடியவை. கடதாசியில் அழுத்தி உலர்த்திய மூல மாதிரிகளின் சிறு துணுக்கிலிருந்தே மரபணு எடுத்துப் பெயர்ச் சிக்கலைத் தீர்க்கலாம் என்பதை ஹியூகியும் சக ஆய்வாளரும் 2001இல் பசிபிக் பாசிகளில் செய்து காட்டினர். பிற்காலத்தவர் போர்மலினில் ஊறவைத்தவற்றில் மரபணு பெரும்பாலும் சிதைந்துவிடும். விக்டோரியா காலத்துக் கடதாசிக்கு இந்த வகையில் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

பெயர்ச் சண்டைதானே என்று ஒதுக்கிவிட முடியாது. அந்தப் பதிப்பாளர் பெயர்கொண்ட வான்வூர்ஸ்டியாவின் சிட்னித் துறைமுக உறவினம் ஒன்று, 1855இலும் 1886இலும் எடுத்த மாதிரிகளால் மட்டுமே அறியப்பட்டது. பிறகு யாரும் அதைக் காணவில்லை. 2003இல் அது முற்றாக அழிந்ததென அறிவிக்கப்பட்டது. பதிவான முதற் கடற்பாசி அழிவு அதுவே. பெயரும் மாதிரியும் இருந்தமையாற்றான் அந்த இழப்பாவது தெரிய வந்தது. ஒரே பெயருக்குள் ஒளிந்திருக்கும் இனம் ஒன்று அழிந்தால் கணக்கெடுக்க ஆளில்லை.

பெல்ஜியத்தின் கென்ற் பல்கலைக்கழகத்தினர் இலங்கை ஆய்வாளருடன் சேர்ந்து 2009இல் நம் கடற்பாசிகளுக்கு வண்ணப்படங்களோடு ஒரு கள வழிகாட்டி வெளியிட்டனர். வெலிகாம விரிகுடா இப்போது அலைச்சறுக்கு விளையாட வரும் பயணிகளின் கரை. அங்கே அண்மைக்கால மாதிரிகளைத் தொடர்ந்து எடுக்கச் சிலிக்கா உலர்மணி நிரப்பிய சிறு பைகளே போதும். றுகுணு பல்கலைக்கழகம் அமைந்துள்ள மாத்தறை அங்கிருந்து ஏறத்தாழ 15 கிலோமீற்றர்.