மூன்று எழுத்துகளில் சாட்சிக் கையெழுத்து

விடுமுறைக்கு மாரெட்பள்ளியில் எங்கள் ஆத்துக்கு வந்திருந்த பேரனின் சரித்திரப் புத்தகத்தைப் புரட்டினேன். கிறிஸ்தவ ஐரோப்பா, பாக்தாத், சீனா மூன்றும் தனித்தனி அத்தியாயங்கள். "அப்போ நாம எங்கே தாத்தா?" என்றான். கொல்லத்தைச் சொன்னேன்.

கி.பி. 849. விஜயாலய சோழன் தஞ்சையைப் பிடித்த காலத்தை ஒட்டியது. வேணாட்டு அய்யனடிகள் திருவடிகள், மருவான் சபீர் ஈசோ என்ற கிறிஸ்தவத் தலைவரின் தரிசாப்பள்ளிக்குச் செப்பேடு வழங்கினார். வட்டெழுத்து, மொழி, தட்டுத் தடுமாறி வாசித்தால் நமக்கும் புரிகிற தமிழ். (மலையாள நண்பர்கள் பழைய மலையாளம் என்பார்கள். சண்டை வேண்டாம்.) துறைமுக நகரின் எடைக்கோலும் முத்திரையும் பள்ளியார் வசம், அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற வணிகக் குழுக்கள் காவல். சாட்சிகளோ அரபியிலும், பஹ்லவியிலும், எபிரேய எழுத்தில் பாரசீக மொழியிலும் கையெழுத்திட்டிருக்கிறார்கள்!

சீனா? 851-ஆம் ஆண்டு அரபு நூலொன்று, மஸ்கட்டிலிருந்து கொல்லம் ஒரு மாதக் கடல்வழி என்றும், அங்கே சீனக் கப்பலுக்குச் சுங்கம் 1,000 திர்ஹம், மற்றவற்றுக்குக் குறைவு என்றும் சொல்கிறது. சீனாவுக்குப் போய்வரும் கப்பல் என்றே பொருள் கொள்ள வேண்டும் என்பாரும் உண்டு.

அடுத்த 30 ஆண்டுகளுக்குள், 878-79-ல், ஹுவாங் சாவின் கலகப்படை சீனத்துக் கான்டன் துறைமுகத்தில் முஸ்லிம், யூத, கிறிஸ்தவ, ஜொராஸ்திரிய வணிகர்களைக் கொன்று குவித்தது. அபூ சைத் என்ற அரபு ஆசிரியர் 1,20,000 பேர் என்கிறார், மிகையாக இருக்கலாம். கொல்லத்தில் சாட்சி போட்ட அதே சமூகத்தார்தான்.

ஏடுகள் இன்று கோட்டயத்திலும் திருவல்லாவிலும் இருக்கின்றன. "இதைப் பரீட்சையில் எழுதினா மார்க் வருமா?" என்றான் பேரன். வராது என்றுதான் சொன்னேன்.