பனி என்னும் ஒரு சொல்

பட்டுக்கோட்டை வட்டாரத்தில் பனி என்பது மார்கழி, தை மாத விடியலில் நெற்கதிரிலும் தென்னங்கீற்றிலும் தங்கி, வெயில் ஏறியதும் மறையும் ஈரம். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்ற பழமொழியே நாம் அறிந்த கடுமையின் எல்லை. இமயத்தின் உறைபனிக்கும் இதே சொல்லைத்தான் வழங்குகிறோம். புறநானூறு இமயத்தை அறியும். செங்குட்டுவன் கண்ணகி சிலைக்கு அங்கிருந்தே கல் கொணர்ந்தான் என்கிறது சிலப்பதிகாரம். ஆயினும் நம் மரபில் இமயம் அசையாமைக்கு உவமை. அதன்மேல் கிடக்கும் பனி அசையும் என்பதை இழப்புகளின் வழியாகவே நாம் கற்க நேர்ந்தது.

1984 ஏப்ரலில் இந்தியப் படை சியாச்சினில் நிலைகொண்டது. அதன்பின் அங்கே பகைவர் குண்டுக்கு இரையானோரைவிடக் குளிருக்கும் பனிச்சரிவுக்கும் இரையானோரே மிகுதி. 2016 பிப்ரவரி 3 அன்று, சுமார் 19,600 அடி உயரத்திலிருந்த சோனம் காவல்நிலையின்மீது பனிச்சுவர் இடிந்து சரிந்தது. மதராஸ் ரெஜிமென்டின் 19ஆம் பட்டாலியன் முகாமிலிருந்த 10 பேர் புதையுண்டனர். அவர்களுள் நால்வர் வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். கர்நாடகத்தின் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பத் மட்டும் ஆறு நாட்களுக்குப்பின் உயிருடன் மீட்கப்பட்டு, பிப்ரவரி 11 அன்று தில்லியில் காலமானார். பனிக்கு எல்லைக்கோடு தெரியாது: 2012 ஏப்ரல் 7 அன்று அதே வட்டாரத்தில், பாகிஸ்தானின் கயாரி முகாமில் 140 பேர் புதையுண்டனர்.

பனிச்சுவர் இடிவது ஒருவகை. மலையேறுவோரை மிகுதியும் கொல்வது மற்றொரு வகை. பனி அடுக்கடுக்காகப் படிகிறது. இடையே சர்க்கரைபோல் உதிரும் வலுவற்ற அடுக்கு ஒன்று அமைந்து, அதன்மேல் புதுப்பனியோ காற்று குவித்த பனியோ பலகைபோல் இறுகினால், ஒருவர் கால்வைப்பதே அதனை உடைக்கப் போதும். நடுவில் நெகிழ்ந்த வைக்கோற்போர் சரிவதை ஒத்தது இது. 30 முதல் 45 பாகை வரையுள்ள சரிவுகளே பெரிதும் ஆபத்தானவை. கடும் பனிப்பொழிவை அடுத்த நாட்களும், திடீரென வெப்பம் ஏறும் பொழுதுகளும் அஞ்சத்தக்கவை. காலடியில் பனி 'உம்' என்று அமுங்கி ஒலித்தாலோ விரிசல் ஓடினாலோ திரும்பிவிடுவதே அறிவு. புதையுண்டவரை முதல் கால்மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார். அரைமணி கடந்தால் நம்பிக்கை வெகுவாகக் குறையும். ஆகவே உடன்வருவோரின் கையிலுள்ள சமிக்ஞைக் கருவியும் துழாவுகோலும் மண்வாரியுமே உயிர்காப்பவை.

1969இல் மணாலியில் பனிச்சரிவு ஆய்வுக்கெனத் தொடங்கிய பாதுகாப்புத் துறை நிறுவனம், 2020இல் வேறோர் ஆய்வகத்துடன் இணைந்து புதுப்பெயர் பெற்றது. பனிச்சரிவு முன்னறிவிப்பு அதன் பணிகளுள் ஒன்று. எனினும் 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகாண்டின் திரௌபதி கா டண்டா சிகரத்தில் நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் குழு சரிவில் சிக்கியது. 27 உடல்கள் மீட்கப்பட்டன. பயிற்சி பெற்றோருக்கே இந்த நிலை எனில், விடுமுறைக்கு இமயம் ஏறப் புறப்படும் நம் இளைஞருக்கு இவ்வறிவு எத்துணை இன்றியமையாதது!

கடலையே அறியாத ஊரிலும் சுனாமி என்ற சொல் 2004க்குப்பின் வேரூன்றிவிட்டது. பனிச்சரிவு என்ற சொல்லும் அவ்வாறே, அதன் பொருளோடு, நம் பாடநூல்களில் இடம்பெற வேண்டும். அந்த நால்வரின் ஊர்களுக்கு அச்சொல் இறப்புச் செய்தியோடு வந்துசேர்ந்தது; இனி எவருக்கும் அது எச்சரிக்கையாக முன்னரே வந்துசேரட்டும்.