ஒரு சின்ன வால்வும் டொயோட்டாவும்

காமர்ஸ் படிக்கிற எல்லோருக்கும் ஜஸ்ட்-இன்-டைம் தெரியும். சரக்கைக் கிடங்கில் அடுக்காதே, தேவையானபோது தேவையான அளவு வரவழை, பணம் முடங்காது. ஐந்து மார்க் கேள்வி. டொயோட்டா என்று ஒரு வரி சேர்த்தால் அரை மார்க் கூடக் கிடைக்கும் :-)

ஆனால் கையில் சரக்கே வைக்காத ஏற்பாட்டில், ஒரு சப்ளையர் திடீரென்று படுத்துவிட்டால்? 1997-ல் அதுதான் நடந்தது.

பிப்ரவரி 1, சனிக்கிழமை அதிகாலை. ஜப்பானின் கரியா நகரில் ஐசின் செய்க்கி நிறுவனத்தின் தொழிற்சாலையில் தீ. அங்கே தயாரானது பி-வால்வு: பின்சக்கர பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தி, வண்டி சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் சாமான். கைக்குள் அடங்கிவிடும், விலையும் சொற்பம். டொயோட்டாவுக்குத் தேவையானதில் சுமார் 99 சதவீதம் ஐசினிடமிருந்துதான் வந்தது. கையிருப்போ அதிகபட்சம் இரண்டு மூன்று நாளுக்கு. நேரமும் மோசம். ஏப்ரலில் நுகர்வு வரி 3-லிருந்து 5 சதவீதமாக ஏறப்போகிறது என்று ஜனங்கள் கார் வாங்க முண்டியடித்த சமயம் அது. செவ்வாய்க்கிழமைக்குள் பெரும்பாலான அசெம்பிளி லைன்கள் நின்றுவிட்டன.

இனிதான் கதையே. ஐசின் தன் வால்வு வரைபடங்களை மற்ற கம்பெனிகளுக்குக் கொடுத்தது. அறுபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் கையில் இருந்த இயந்திரங்களை வைத்தே வால்வு கடைய ஆரம்பித்தன. அவர்களுக்கு உதவிய சின்னப் பட்டறைகளையும் சேர்த்தால் சுமார் 200. தையல் மெஷின் செய்யும் பிரதர் கம்பெனிகூட இறங்கியது! விலை என்ன, யார் தருவார்கள் என்று யாரும் பேரம் பேசி நிற்கவில்லை. புதன்கிழமையே முதல் வால்வுகள் வந்துவிட்டன. அடுத்த வாரத் தொடக்கத்தில் உற்பத்தி ஏறக்குறைய பழைய நிலைக்குத் திரும்பியது. பிறகு டொயோட்டா தன் முக்கிய சப்ளையர்களுக்கு, அந்தக் காலாண்டில் அவர்கள் தனக்கு விற்றதில் 1 சதவீதத்தை நன்றித் தொகையாகக் கொடுத்தது.

இதை 'ஜப்பானியப் பண்பாடு' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. டொயோட்டா நின்றால் அத்தனை பட்டறைக்கும் வேலை இல்லை, அது முதல் கணக்கு. இரண்டாவது, 1943 முதல் இருந்த கியோஹோகாய் என்ற சப்ளையர் சங்கம். ஒருவர் பட்டறைக்குள் இன்னொருவர் போய் வேலையைப் பார்ப்பது அவர்களுக்குப் புதிதல்ல. தீப்பிடித்த பிறகு விசிட்டிங் கார்டு மாற்றிக்கொண்டிருந்தால் ஒரு மாதம் போயிருக்கும்.

ஒரே சப்ளையரை நம்பியது டொயோட்டாவின் தவறுதான், அதில் சந்தேகமில்லை. 2011 பூகம்பத்தில் இன்னும் பெரிய அடி. சப்ளையரின் சப்ளையர் யார் என்பதே பல பாகங்களுக்குத் தெரியவில்லை. அதன்பிறகு அதற்கொரு தகவல் தொகுப்பு உருவாக்கினார்கள். சில சிப்களை மாதக்கணக்கில் இருப்பு வைக்கும்படி சப்ளையர்களிடம் சொன்னதும் அதே டொயோட்டாதான். 2021 தொடக்கத்தில் சிப் பஞ்சத்தில் மற்றவர்கள் லைனை நிறுத்தியபோது அந்த இருப்பு கைகொடுத்தது, ஆனால் செப்டம்பரில் அவர்களும் உற்பத்தியைக் குறைக்க வேண்டியதாயிற்று.