முத்தையா முரளிதரனின் கவுன்டி ஆட்டம்

முத்தையா முரளிதரன் (பிறப்பு: 17 ஏப்ரல் 1972, கண்டி) இங்கிலாந்தின் லங்காஷயர் அணிக்காக 1999, 2001, 2005, 2007 ஆகிய ஆண்டுகளிலும் கென்ட் அணிக்காக 2003இலும் ஆடிய சுழற்பந்து வீச்சாளர். இலங்கையர் கவுன்டி கிரிக்கெட் ஆடுவது அவருடன் தொடங்கவில்லை, சி. எச். குணசேகர 1919இலேயே மிடில்செக்ஸ் அணிக்கு ஆடியிருந்தார். முரளிதரன் உருவானது கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில். மித வேகத்தில் வீசிக்கொண்டிருந்த மாணவரைப் பதின்ம வயதின் தொடக்கத்தில் சுழற்பந்துக்குத் திருப்பியவர் பயிற்றுவிப்பாளர் சுனில் பெர்னாண்டோ. பிற ஓஃப் ஸ்பின் வீச்சாளர்கள் விரல்களை நம்ப, இவர் மணிக்கட்டையும் சேர்த்துச் சுழற்றினார்.

அவருடைய 800 டெஸ்ட் விக்கெட்டுகளில் 493 இலங்கையில் வீழ்ந்தவை. ஆகவே அந்தச் சாதனையில் பாதி உள்ளூர் ஆடுகளங்களுக்கே உரியது என்பர் சிலர். 133 டெஸ்ட்களில் 73ஐ அவர் தாய்நாட்டில் ஆடினார் என்பதை இக்கணக்கு மறந்துவிடுகிறது. அதைவிட வலுவான மறுப்பு இங்கிலாந்தில் கிடைக்கிறது. குளிரும் ஈரமும் கலந்த அந்நாட்டு ஆடுகளங்கள் வேகப்பந்துக்கே பெயர் பெற்றவை. அங்கே 1999 பருவத்தின் ஒரு பகுதி மட்டுமே ஆடி, கவுன்டி சாம்பியன்ஷிப்பில் 66 விக்கெட்டுகளை எடுத்தார். சவுத்போர்ட்டில் வோரிக்ஷயருக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே 14 விக்கெட்டுகள். லங்காஷயர் அவ்வாண்டு இரண்டாம் இடம் பெற்றது.

கவுன்டித் துடுப்பாட்ட வீரர்களுக்கு அவருடைய பந்து பழக்கமில்லை, அதனால்தான் தடுமாறினர் என்று சொல்லலாம். பழக்கமின்மை ஒரு பருவத்துக்குத்தான் உதவும். அடுத்தடுத்து இரண்டு கவுன்டிகள் அவரை அழைத்ததற்கும், லங்காஷயர் நான்கு முறை ஒப்பந்தம் செய்ததற்கும் அது காரணமாகாது. டெஸ்ட் தரத்திலும் விடை இதுவே: 1998இல் ஓவல் மைதானத்தில் 220 ஓட்டங்களுக்கு 16 விக்கெட்டுகள், இரண்டாம் இன்னிங்ஸில் ரன் அவுட்டான ஒருவர் தவிர மற்ற ஒன்பது பேரும் அவருக்கே. 2006இல் டிரென்ட் பிரிட்ஜில் 70 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுகள். இங்கிலாந்தில் ஆடிய 6 டெஸ்ட்களில் 48 விக்கெட்டுகள், சராசரி 19.20.

2007 டிசம்பர் 3ஆம் திகதி கண்டி அஸ்கிரிய மைதானத்தில் போல் கொலிங்வுட்டை வீழ்த்தி, 709ஆவது விக்கெட்டுடன் ஷேன் வோர்னின் உலக சாதனையை அவர் கடந்தார். அந்தச் சாதனைக்குக் கண்டி தந்தது சாதகமான ஆடுகளம் அன்று, பந்துவீச்சாளரையே; அவர் எந்த மண்ணிலும் வெல்லக்கூடியவர் என்பதற்குக் கவுன்டிப் பருவங்களே உறுதியான சான்று.