சீனச் சந்தையும் அமெரிக்கத் தொழிலாளரும்

1784 பெப்ரவரியில் ‘சீனப் பேரரசி’ எனப் பொருள்படும் பெயர் தாங்கிய கப்பலொன்று நியூயோர்க்கிலிருந்து கன்ரன் துறைமுகம் நோக்கிப் புறப்பட்டது. அதன் சரக்கில் முதன்மையானது அமெரிக்கக் காடுகளில் அகழ்ந்தெடுக்கப்பட்ட ஜின்செங் வேராகும். அன்று தொட்டு அமெரிக்க வணிகரின் எண்ணத்தைவிட்டுச் சீனச் சந்தை அகலவில்லை. ஆயின், அச்சந்தை தொழிலாளிக்கும் வாழ்வளிக்கும் என்னும் வாதம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின்னரே வலுப்பெற்றது.

1893இல் தொடங்கிய பொருளாதார மந்தம் அதற்குக் களம் அமைத்தது. ஆலைகள் மூடப்பட்டன, வேலையற்றோர் பெருகினர். மிகையுற்பத்தியே நோய், அந்நியச் சந்தையே மருந்து என வணிகரும் அரசியல்வாதிகளும் உரைத்தனர். (கூலியை உயர்த்தினால் தொழிலாளியே அப்பொருள்களை வாங்கக்கூடும் என்னும் மாற்று மருந்து அவர்களுக்கு அத்துணை உவப்பாயிருக்கவில்லை.) 1899இல் அரசுச் செயலாளர் ஜோன் ஹே வெளியிட்ட ‘திறந்த கதவு’க் கொள்கை இச்சூழலில் எழுந்ததே. அதே அமெரிக்கா, 1882இல் சீனத் தொழிலாளர் உள்வருவதைச் சட்டத்தால் தடுத்திருந்தது. அத்தடையைத் தொழிற்சங்கங்கள் பலவும் ஆதரித்தன. சீனத் தொழிலாளி வந்தாற் கூலி குறையும் என அஞ்சியோர், மூலதனமே அவனைத் தேடிச் செல்லக்கூடும் என்பதில் அத்துணை கருத்துச் செலுத்தியதாகத் தெரியவில்லை.

தொடக்கத்தில் அவ்வாதம் முற்றிலும் பொய்யாகவுமில்லை. தென் கரோலினா முதலிய தென்மாநிலங்களின் பருத்தியாலைகள் நெய்த முரட்டுத் துணி வட சீனாவிலும் மஞ்சூரியாவிலும் பெருமளவில் விலைப்பட்டது. அங்கு துணி விற்றால் இங்கு தறி ஓடும். எனினும், சிறுவரும் உழைத்த அவ்வாலைகளிற் கூலி குறைவு, பிழைப்பும் நிலையற்றது. 1900இல் பொக்ஸர் கிளர்ச்சி வட சீன வணிகத்தைத் தடைசெய்தபோது, ஆலைகள் சில உற்பத்தியைக் குறைக்க நேர்ந்தது.

புகையிலையின் வரலாறு இதனின் வேறானது. வட கரோலினாவைச் சேர்ந்த ஜேம்ஸ் டியூக்கின் நிறுவனமும் பிரித்தானிய நிறுவனமொன்றும் இணைந்து 1902இல் பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவை உருவாக்கின. அது சிகரெட்டைக் கப்பலில் அனுப்புவதோடு நில்லாது, ஷங்ஹாயிலும் பிற நகரங்களிலும் ஆலைகளை அமைத்துச் சீனத் தொழிலாளரைக் கொண்டே சிகரெட் செய்வித்தது. பின்னர், 1910களில், அமெரிக்கப் புகையிலை விதையை ஷான்டொங் மாகாண உழவரிடம் கொடுத்து அங்கேயே பயிரிடச் செய்தது. சிகரெட் ஆலைத் தொழிலாளியின் பங்கு முதலிற் சுருங்க, அடுத்து வட கரோலினா உழவனின் பங்கிலும் ஒரு பகுதி கைமாறியது. இலாபம் மட்டும் பங்குதாரரிடம் தவறாது திரும்பியது. சரக்குக் கடல் கடப்பதற்கும் ஆலை கடல் கடப்பதற்கும் உள்ள வேறுபாட்டினை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

2000ஆம் ஆண்டு, சீனாவுக்கு நிரந்தர வர்த்தக உறவு வழங்கும் சட்டம் விவாதிக்கப்பட்டபோது இவ்வேறுபாடே மீண்டும் மறைக்கப்பட்டது. அமெரிக்கப் பொருள்களுக்குச் சீனக் கதவு திறக்குமென ஜனாதிபதி கிளின்ரன் தரப்பினர் வாதிட்டனர், தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. பிரதிநிதிகள் சபையில் 237க்கு 197 என்ற வாக்குகளால் அது நிறைவேறியது. 2000இல் ஏறத்தாழ 1 கோடியே 73 இலட்சமாயிருந்த உற்பத்தித்துறைத் தொழிலாளர் தொகை 2010இன் தொடக்கத்தில் 1 கோடியே 15 இலட்சமளவிற்கு வீழ்ந்தது. இயந்திரமயமாக்கமும் 2008இன் நெருக்கடியும் இதற்குக் காரணங்களே. ஆயினும், 1999 முதல் 2011 வரை சீன இறக்குமதிப் போட்டியால் இழக்கப்பட்ட வேலைகள் 20 முதல் 24 இலட்சம் வரையிலாகும் என அசெமொக்லு, ஓட்டர் முதலிய பொருளியலாளர் மதிப்பிட்டனர். மலிவான பொருள்களால் எல்லோரும் சிறிது பயனடைந்தனர். இழப்போ தளபாடம், நெசவு முதலியவற்றையே நம்பியிருந்த ஊர்களிற் குவிந்தது. சீனா வாங்கிய போயிங் விமானங்கள் சியாட்டில் பகுதித் தொழிலாளருக்கு வேலையளித்தன என்பதையும் மறுத்தலாகாது. அவை அமெரிக்காவிற் செய்யப்பட்டவை.

ஜெனரல் மோட்டோர்ஸ் இதற்கு மறுதலை. 1997இல் ஷங்ஹாய் நிறுவனமொன்றுடன் கூட்டுச் சேர்ந்த அது, 2009இல் தாயகத்தில் வங்குரோத்தடைந்து ஆலைகள் பலவற்றை மூடியது. 2010இல் அதன் விற்பனை அமெரிக்காவிலும் பார்க்கச் சீனாவிலேயே மிகுந்திருந்தது. அங்கு விற்ற கார்களுட் பெரும்பாலானவை அங்கேயே செய்யப்பட்டவை. 2016இல் அந்நிறுவனம் சீனாவில் உருவான பியூக் என்விஷன் காரை அமெரிக்காவுக்கே கொண்டுவந்து விற்கத் தொடங்கியது. மோட்டார்த் தொழிலாளர் சங்கம் கண்டித்தது. அக்கார் செய்யப்பட்ட இடம், முன்னர் புகையிலை விதை சென்ற அதே ஷான்டொங் மாகாணம்.