அளவையும் அதிகாரமும்: ஐக்கிய அமெரிக்காவில் மெற்றிக் முறையின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஐக்கிய அமெரிக்காவில் இன்று உற்பத்தி செய்யப்படும் மோட்டார் வாகனமொன்றின் இயந்திர மூடியைத் திறந்து பார்ப்போர், அதன் போல்ற்றுகளும் சுரைகளும் பெரும்பாலும் மில்லிமீற்றர் அளவில் அமைந்திருப்பதைக் காண்பர். இயந்திரத்தின் கொள்ளளவும் இலீற்றரிலேயே குறிக்கப்படுகின்றது. ஆனால், அவ்வாகனத்தைச் செலுத்துபவர் வேகத்தை மைலிற் படிக்கின்றார். எரிபொருளைக் கலனில் வாங்குகின்றார். ரயரின் பக்கச் சுவரிற் காணப்படும் 215/65 ஆர் 15 என்ற குறியீட்டை எடுத்துக்கொண்டால், ரயரின் அகலம் 215 மில்லிமீற்றர். அது பொருந்தும் சில்லின் விட்டம் 15 அங்குலம். இரு அளவை முறைகள் ஒரே வரியில் அருகருகே நிற்கின்றன.

இந்நிலைமைக்கு அமெரிக்க மக்களின் பழைமைப் பற்றே காரணம் என்பது வழக்கமாகக் கூறப்படும் விளக்கமாகும். இவ்விளக்கம் எத்துணைப் பொருத்தமானது என்பதை வரலாற்று அடிப்படையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அளவைகள் எக்காலத்திலும் அதிகாரத்தோடு பிணைந்தே வந்துள்ளன. புரட்சிக்கு முந்திய பிரான்சில் தானியம் அளக்கும் மரக்காலின் அளவு ஊருக்கு ஊர் வேறுபட்டது. நிலப்பிரபுவின் மரக்காலே குடியானவன் செலுத்த வேண்டிய இறையைத் தீர்மானித்தது. 1789ஆம் ஆண்டு மக்கள் சமர்ப்பித்த முறைப்பாட்டேடுகளில், ஒரே அளவை வேண்டும் என்ற கோரிக்கை மீண்டும் மீண்டும் எழுந்தது. அக்கோரிக்கைக்குப் புரட்சி அளித்த விடையே 1795இற் சட்டமாகிய மெற்றிக் முறை. அங்கும் அது எளிதில் வேரூன்றவில்லை. 1812இல் நெப்போலியன் பழைய பெயர்களுக்கு ஓரளவு இடமளிக்க நேர்ந்தது. 1840ஆம் ஆண்டிலிருந்தே அம்முறை முழுமையாகக் கட்டாயமாக்கப்பட்டது. மக்களின் பழக்கம் எல்லா நாடுகளிலும் ஒரு தடையே என்பதும், அதனைக் கடப்பதற்கு அரசின் தொடர்ச்சியான முயற்சி தேவைப்பட்டது என்பதும் இதனாற் பெறப்படும்.

ஐக்கிய அமெரிக்கா தசம முறைக்குப் புறம்பான நாடாகத் தொடங்கவில்லை. 1790இல் தோமஸ் ஜெபர்சன் தசம அடிப்படையிலான அளவைத் திட்டமொன்றைக் கொங்கிரசுக்குச் சமர்ப்பித்தார். 1792இல் நாணயம் தசம முறையில் அமைக்கப்பட்டது; நிறையும் நீளமும் கைவிடப்பட்டன. 1794இல் பிரெஞ்சு அறிஞர் ஜோசப் டொம்பே புதிய நீள, நிறை மாதிரிகளுடன் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அவர் கரிபியக் கடலிற் பிரித்தானிய அனுமதி பெற்ற கடற்கொள்ளையரிடம் அகப்பட்டு, மொன்செராற் தீவிற் சிறையில் மாண்டார். 1821இல் ஜோன் குயின்சி அடம்ஸ் தமது அறிக்கையில் மெற்றிக் முறையைப் பெரிதும் பாராட்டிய போதிலும், அதனை உடனே ஏற்குமாறு பரிந்துரைக்கவில்லை.

ஈண்டு ஒரு தெளிவு அவசியமாகின்றது. அமெரிக்க அளவைகளை ‘ஏகாதிபத்திய அளவைகள்’ என அழைப்பது முற்றிலும் பொருந்தாது. பிரித்தானிய ஆட்சியின் வழியாக நாம் அறிந்த கலன், 1824ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்தது; அது ஏறத்தாழ 4.55 இலீற்றர் கொள்ளும். அமெரிக்கக் கலனோ 231 கன அங்குலங்கொண்ட பழைய ஆங்கிலேய வைன் கலன்; அதன் கொள்ளளவு ஏறத்தாழ 3.79 இலீற்றர் மட்டுமே. குடியேற்றங்கள் பிரிந்து சென்ற பின்னரே பிரித்தானியா தன் அளவைகளைச் சீர்திருத்தியது.

1866இல் மெற்றிக் முறை அமெரிக்காவிற் சட்டபூர்வமாக்கப்பட்டது. 1875ஆம் ஆண்டு மீற்றர் உடன்படிக்கையில் ஒப்பமிட்ட பதினேழு நாடுகளுள் அமெரிக்காவும் ஒன்று. 1893 முதல் அங்கு யாரும் இறாத்தலும் மீற்றரையும் கிலோகிராமையும் கொண்டே வரையறுக்கப்பட்டு வந்துள்ளன. 1959இல் ஓர் அங்குலம் சரியாக 25.4 மில்லிமீற்றர் என நிர்ணயிக்கப்பட்டது. ஆகவே சட்ட நோக்கில் அமெரிக்க அங்குலம் மெற்றிக் அளவையின் ஒரு பின்னமே. மாற்றம் நிகழாமைக்கு அறிவியல் சார்ந்த தடை எதுவுமிருக்கவில்லை என்பது இதனாற் புலனாகும்.

தடை வேறிடத்தில் இருந்தது. 1864இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த வில்லியம் செல்லர்ஸ் அங்குல அடிப்படையிலான ஒரு சீரான திருகுப்புரி முறையை முன்வைத்தார். புகையிரதப் பாதைகளும் இயந்திரத் தொழிலகங்களும் அம்முறையைச் சார்ந்து பெருகின. அச்சுகள், கடைசற் பொறிகள், வரைபடங்கள் யாவற்றிலும் பெருந்தொகை மூலதனம் அங்குலத்தில் உறைந்து கிடந்தது. 1904இல் பிரெட்ரிக் ஹால்சி என்ற பொறியியலாளர் மெற்றிக் முறையைக் கண்டித்து வெளியிட்ட நூல் இம்மூலதனத்தின் குரலாகவே ஒலித்தது. அக்காலத்திற் கொங்கிரசில் எழுந்த மெற்றிக் மசோதாக்கள் இயந்திர உற்பத்தியாளரின் எதிர்ப்பினால் வீழ்ந்தன.

அதே மூலதனம் தேசிய எல்லைகளைக் கடந்தபோது அதன் நிலைப்பாடும் மாறியது. 1965இற் பிரித்தானியாவே மெற்றிக் பாதையில் இறங்கியது. 1971இல் வெளிவந்த அமெரிக்க அரசாங்க ஆய்வறிக்கை பத்தாண்டுத் திட்டமொன்றைப் பரிந்துரைத்தது. ஜெர்மனி, பிரித்தானியா, பிரேசில் முதலிய நாடுகளில் ஆலைகளைக் கொண்டிருந்த ஜெனரல் மோட்டர்ஸ், பல நாடுகளுக்குப் பொதுவான வாகன அமைப்பொன்றை உருவாக்கியது. அவ்வமைப்பைச் சார்ந்து மெற்றிக் அளவைகளில் அமெரிக்காவில் உருவான 1976ஆம் ஆண்டுச் செவர்லே செவெற், இம்மாற்றத்தின் முன்னோடியாயிற்று. போர்ட் நிறுவனம் அதற்கும் முன்னரே, 1974ஆம் ஆண்டு வாகனங்களுக்காக, ஒஹையோ மாநிலத்தின் லைமா நகரில் 2.3 இலீற்றர் மெற்றிக் இயந்திரத்தை உற்பத்தி செய்யத் தொடங்கியிருந்தது. ஒரே உதிரிப்பாகம் பல நாடுகளில் பயன்படுமாயின் அங்குலம் வீண்செலவாகும். விளம்பரத்திலும் இலீற்றர் புதுமையின் அடையாளமாயிற்று. 1980களில் மஸ்டாங் வாகனத்தில் 5.0 எனப் பொறிக்கப்பட்ட இயந்திரம் பழைய 302 கன அங்குல இயந்திரமே. அதன் உண்மைக் கொள்ளளவு 4.94 இலீற்றர்தான்!

இனி 1975ஆம் ஆண்டு டிசெம்பரை நோக்குவோம். 22ஆம் திகதி ஜனாதிபதி ஜெரல்ட் போர்ட் ஒப்பமிட்ட எரிசக்திச் சட்டம், உற்பத்தியாளரின் கார்கள் 1985ஆம் ஆண்டளவிற் சராசரியாகக் கலனுக்கு 27.5 மைல் ஓட வேண்டும் என விதித்தது, தவறினால் தண்டப்பணம். மறுநாள் 23ஆம் திகதி அவர் ஒப்பமிட்டது மெற்றிக் மாற்றச் சட்டம். அது மாற்றத்தை அவரவர் விருப்பத்துக்கு விட்டது. கட்டாயமான சட்டம் மைலிலும் கலனிலும் பேசியது. மீற்றரில் பேசிய சட்டத்துக்குக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் இருக்கவில்லை. அச்சட்டத்தின்கீழ் அமைந்த மெற்றிக் சபையும் 1982இற் கலைக்கப்பட்டது.

செலவை யார் ஏற்பது என்பதே இங்கு எழும் மையக் கேள்வி. அமெரிக்க வாகனத் திருத்துநர் தம் கருவிகளைத் தாமே விலைகொடுத்து வாங்குபவர். வாகனம் மெற்றிக்குக்கு மாறியபோது, அவர் பழைய அங்குல ஸ்பானர்களோடு புதிய தொகுதியொன்றையும் தம் ஊதியத்திலிருந்தே வாங்க நேர்ந்தது. கருவிச் செலவும் மறுபயிற்சியும் பற்றித் தொழிற்சங்கங்கள் எழுப்பிய கேள்விகளைப் பழைமைவாதம் எனத் தள்ளிவிட முடியாது. நுகர்வோரின் ஐயமும் அத்தகையதே. 1979ஐ ஒட்டிப் பெற்றோல் விலை கலனுக்கு ஒரு டொலரைத் தாண்டியபோது, பழைய பம்பிகளால் அவ்விலையைக் காட்ட முடியவில்லை. சில நிலையங்கள் இலீற்றருக்கு மாறின. விலையேற்றத்தை மறைக்கும் உபாயமென மக்கள் இதனைக் கருதியதில் வியப்பில்லை. பம்பிகள் திருத்தப்பட்டதும் கலன் மீண்டது.

வீதிகளின் கதையும் இதனையே உணர்த்துகின்றது. அரிசோனாவில் ரூசன் நகரிலிருந்து மெக்சிக்கோ எல்லையிலுள்ள நொகாலெஸ் வரை செல்லும் 19ஆம் இலக்க நெடுஞ்சாலையில் தூரப் பலகைகள் கிலோமீற்றரில் நாட்டப்பட்டன. வேக எல்லைகளோ மைலிலேயே உள்ளன. ஏனைய வீதிகளுக்கு இம்மாற்றம் பரவவில்லை. வீட்டிலும் வணிகம் விரும்பிய அளவுக்கே மாற்றம் நுழைந்தது: குளிர்பானம் இரண்டு இலீற்றர்ப் போத்தலிலும், வைன் 750 மில்லிலீற்றரிலும் வருகின்றன, பால் இன்றும் கலனிலேயே விற்கப்படுகின்றது.

1988ஆம் ஆண்டுச் சட்டம் மெற்றிக் முறையை வர்த்தகத்துக்கு உகந்த முறையென அறிவித்த பின்னரும் இரட்டை நிலை நீங்கவில்லை. 1999இற் செவ்வாய்க்கிரகத்தை அடைந்த அமெரிக்க விண்கலமொன்று அழிந்தது. உந்துவிசைக் கணக்குகளை ஒரு சாரார் இறாத்தல்-செக்கனில் வழங்க, மறுசாரார் அவற்றை நியூற்றன்-செக்கன் எனக் கொண்டமையே அதற்குக் காரணம்.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, மெற்றிக் முறை அமெரிக்காவில் தோல்வியுற்றது என்ற கூற்று அரை உண்மையே என்பது தெளிவாகும். உலகச் சந்தைக்காக உற்பத்தி செய்யும் மூலதனத்துக்குத் தேவைப்பட்ட இடமெல்லாம் அது வெற்றி பெற்றது. பொதுமக்களின் பெயரால் அரசு திட்டமிட்டுச் செலவை ஏற்கவேண்டிய வீதியிலும் சந்தையிலும் சமையலறையிலும் அது நின்றுவிட்டது. சமமான அளவை வேண்டும் என்பது 1789இற் குடியானவனின் கோரிக்கையாயிருந்தது. அமெரிக்காவில் அது நிறுவனங்களின் வசதியாக மட்டுமே வந்தமையால், மக்கள் அதனைத் தமதாகக் கொள்ள நியாயம் இருக்கவில்லை.